இடப்பக்க இருக்கை

ஜப்பானில் ஓடி அலுத்து இங்கே வந்த
சின்ன ஹோண்டா.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
கிர்கிஸ்தானிலோ
சாலையிலும் வலப்பக்கமே போக வேண்டும்.
ஆகவே முன்னால் போகும் லாரியின் முதுகைத் தவிர
ஜூமாகுலுக்கு ஒன்றும் தெரியாது.
எதிரே என்ன வருகிறதென்று
இடப்பக்கம் உட்கார்ந்தவர்தான் சொல்ல வேண்டும்.

பிஷ்கெக்கில் நான் காசு கொடுத்தது
ஜன்னலோர இருக்கைக்கு என்று நினைத்திருந்தேன்.

"போஷ்பு?" என்பாள். காலியா?
கழுத்தை நீட்டிப் பார்த்து "போஷ்" என்பேன்.
காலிக்கு அவர்கள் வைத்த சொல்
போ என்று தொடங்குவது வசதியாக இருந்தது.
இல்லை என்பதற்கு "ஜோக்".
முதலில் சிரிப்பு வந்தது.
மூன்றாவது வளைவுக்குப் பிறகு வரவில்லை.

பின்சீட்டில் துளையிட்ட இரண்டு அட்டைப்பெட்டிகள்,
நூற்றிருபது கோழிக்குஞ்சுகள்,
தொக்தோகுலில் இருக்கும் நாத்தனாருக்கு.
எண்ணிக்கையை விரல்களால் காட்டினாள்,
விலையைப் புருவத்தால்.

காரா-பால்தா தாண்டியதும் சமவெளி
பேச்சின் நடுவே எழுந்து போனவர்போல்
போய்விட்டது.
செம்பாறை, அதன்மேல் கரும்பாறை,
அதற்கும் மேலே
ஜூன் மாதத்தின் அழுக்குப் பனி.
லாரிகள் இரைத்தன.
போஷ்பு? ஜோக்.
போஷ்பு? ஜோக்.
போஷ்பு? போ, போ, போஷ்!

உச்சிக்கு அருகே மலையைக் குடைந்த சுரங்கம்.
விளக்குகளில் பாதி எரியவில்லை.
நுழைந்த கணத்தில்
நூற்றிருபது வாய்களும் ஒருசேர அடங்கின.
இரவு வந்துவிட்டது அவற்றுக்கு.
ஜூமாகுல் ரேடியோவை அணைத்தாள்.
குழந்தை உறங்கும் அறையைக் கடப்பதுபோல
இரண்டாம் கியரில் போனாள்.

வெளியே வந்தோம்.
குஞ்சுகளுக்கு அன்றைக்கு இரண்டாவது விடியல்.
கீழே சூசாமிர்.
எறிந்த பார்வை எதிலும் மோதாமல்
போய்க்கொண்டே இருந்தது.
மேக நிழல்கள் புல்லில் மேய்ந்தன.
தூரத்து வெள்ளைப் புள்ளிகளில்
புகை வந்தவை கூடாரங்கள்,
நகர்ந்தவை ஆடுகள்.

அங்கேதான் தப்பு செய்தேன்.
தாயின் வயிற்றடியில் முட்டி முட்டிப் பால்குடிக்கும்
ஒரு குதிரைக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
போஷ்பு?
போஷ் என்றேன்,
பள்ளத்தாக்கைப் பார்த்து.

பொய்யில்லை. பள்ளத்தாக்கு காலிதான்.
சாலையில் நிலக்கரி லாரி வந்துகொண்டிருந்தது.

அதன் ஹாரன் எங்களைக் கடந்தபின்னும் கொஞ்சநேரம்
காருக்குள்ளேயே இருந்தது.

முதல் கூடாரத்தின் முன்னால் நிறுத்தினாள்.
பெட்டிகளைத் திறந்து எண்ணினாள்.
குமிஸ் விற்கும் பையன், ஏலாமான் என்று பேர்,
ஒரு குஞ்சைத் தொப்பிக்குள் விட்டுக்கொண்டு
தானும் சேர்ந்து எண்ணினான்.
நூற்றிருபது.
என்னைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னாள்.
பையன் சிரித்த சிரிப்பில்
தொப்பிக்குள் இருந்தது கீச்சிட்டது.
முதல் கோப்பையை எனக்கு நீட்டினாள்.
புளித்த குதிரைப்பால், அடியில் புகைநாற்றம்.
கை நடுங்கியதால் பாதி சட்டைக்குப் போனது.

பிறகு கேட்கவேயில்லை.
ஒரு டேங்கரின் பின்னால்
முப்பதைத் தாண்டாமல்
ஆலா-பெல் கணவாய் ஏறினோம், இறங்கினோம்.
பின்னால் வந்தவர்கள் எல்லாரும்
எங்களை முந்திப் போனார்கள்.
சிச்கான் ஆற்றை நான் பார்க்கவில்லை,
சத்தம் மட்டும் கூடவே வந்தது.
ஊசியிலை மரங்களின் வாசம் வந்தது.
தலையைத் திருப்பவில்லை.
நடுக்கோட்டைப் பார்த்தபடி இருந்தேன்,
கேட்காத கேள்விக்குப் பதில் தயாராக.

தேன் விற்கும் வேன்களைத் தாண்டி ஒரு நேர்பாதை.
தொண்டையைச் செருமினாள்.
"போஷ்பு?"

பார்த்தேன். வளைவு வரைக்கும் பார்த்தேன்.
கழுதைவண்டி ஒன்று, அதில் இரண்டு பால்கேன்கள்.
"ஜோக்."
அது போனது.
இன்னொரு தடவை பார்த்தேன்.
"போஷ்."

கியர் மாறியது.

தொக்தோகுல் நீர்த்தேக்கம்
அப்படியொரு நீலமாமே, எல்லாரும் கேட்கிறார்கள்.
எனக்குத் தெரியாது.
அதன் கரையோரம்
எதிரே வந்த வண்டிகள் பதினேழு.